சிறிய நாய்க்கு இடுப்பு மூட்டு அறுவை: தொடை எலும்பின் தலையை அகற்றிய பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மண்டபம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதான பொமரேனியன் கலப்புப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. பெயர் சிட்டு, எடை ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சென்ற மாதம் மீன் கூடை ஏற்றி வந்த இருசக்கர வாகனம் இடித்ததில் அதன் வலது இடுப்பு மூட்டு விலகிவிட்டது. மதுரையில் மயக்க மருந்து கொடுத்து, மூட்டைத் தள்ளி உள்ளே பொருத்தி, காலை மடக்கித் தூக்கிக் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்த சில நாட்களிலேயே மூட்டு மறுபடியும் நழுவிவிட்டது. புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பிலும் சிறு சேதம் தெரிகிறது என்றும், எனவே தொடை எலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவதுதான் சரியான வழி என்றும் அறுவை மருத்துவர் கூறி, அடுத்த வாரம் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.

மூட்டில் இருக்கிற எலும்பையே எடுத்துவிட்டால் பிறகு எதை ஊன்றி நடக்கும் என்று அம்மா கேட்கிறார். மருத்துவரிடம் நானும் இதையே கேட்டேன். தசை தாங்கிக்கொள்ளும் என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன் என்றாலும், வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு நாங்கள் செய்யவேண்டியது என்ன என்பது இன்னும் தெளிவாகவில்லை. வீட்டுக்குள் வழவழப்பான டைல்ஸ் தரை. வாசலில் மூன்று படிகள். படியிறங்கினால் கால் புதையும் மணல். அப்பா கடலுக்குப் போய்விட்டால் நாயைத் தூக்கி இறக்க நானும் அம்மாவும் மட்டுமே. கூண்டில் அடைத்து முழு ஓய்வு கொடுக்கவேண்டுமா, அல்லது நடக்கவிட வேண்டுமா? நீந்தினால் கால் வலுப்பெறும் என்று ஒருவர் சொன்னார். வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

இராமநாதபுரம் பொம்மி வீடு எழுதியது:

சகோதரி, எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கும் இதே அறுவைதான் நடந்தது. காரணம் மட்டும் வேறு. அதற்கு அடி எதுவும் படவில்லை. குட்டிப் பருவத்திலேயே தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நொறுங்கிப்போகும் லெக்-கால்வே-பெர்தெஸ் என்ற நோய் அதற்கு இருந்தது. சிறிய இனங்களில், பெரும்பாலும் ஒரு வயது நிறைவதற்குள் இது தலைகாட்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதற்கும் தலையை அகற்றுவதே தீர்வாக இருந்தது. இப்போது மாடிப்படி ஏறுகிறது, தபால்காரரைத் துரத்துகிறது. அறுவை நடந்த கால் எது என்று தெரியாதவர்கள் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நெடுநேரம் ஓடிய நாளில் மட்டும் மாலையில் இலேசாகச் சாய்ந்து நடக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மனம் கலங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதுகிலிருந்து கணுக்கால் வரை முடியை மழித்திருப்பார்கள். அத்தனை முடிக்கு அடியில் கால் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். தையலைச் சுற்றிக் கன்றிச் சிவந்து நீலம் பாய்ந்திருக்கும். ஓரிரு நாளில் அந்த வீக்கம் முழங்கால் பக்கம் இறங்கி வரும். மயக்கமும் வலி ஊசியும் கலந்த நிலையில் நாய் முனகும். அது எப்போதும் வலியால் வருவது அல்ல. இரண்டு மூன்று நாட்கள் மலம் கழிக்காமல் இருந்தாலும் பதற வேண்டாம். சிறுநீர் போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் டைல்ஸ் தரைதான் பெரிய எதிரி. ஒருமுறை வழுக்கினால் நாய் அந்தக் காலை ஊன்றவே அஞ்சும். அந்த அச்சம் வலி போன பிறகும் நீடிக்கும். ஆகவே நாய் புழங்கும் வழி முழுவதும் ரப்பர் விரிப்பையோ தென்னை நார் மிதியடியையோ விரித்துவிடுங்கள். சாக்கு விரிப்பதாக இருந்தால் நான்கு மூலையையும் ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிடுங்கள். ஓலைப்பாய் வேண்டாம், டைல்ஸ் மேல் அதுவே வழுக்கிக்கொண்டு போகும். பாத மெத்தைகளுக்கு இடையே வளர்ந்திருக்கும் முடியையும் அறுவைக்கு முன்பே கத்தரித்துவிடுங்கள்.

எங்கள் நாய் முதன்முதலில் அந்தக் காலைத் தரையில் வைத்தது நடக்கும்போது அல்ல. கஞ்சிக் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்து நின்றபோதுதான். நடுவிரல் இரண்டின் நகம் மட்டும் தரையைத் தொட்டது. பாதத்தின் அடிப்பகுதி தொடவில்லை. கிண்ணம் காலியானதும் காலைத் தூக்கிக்கொண்டது. அன்றிலிருந்து உணவைப் பல பங்காகப் பிரித்து, நின்று தின்னும் நேரத்தை நீட்டித்தோம். நீங்களும் நடையைப் பார்ப்பதைவிட நிற்பதைப் பாருங்கள். முன்னேற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

உச்சிப்புளி தோட்டம் எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. எலும்பை வெட்டிய உடம்பை நடக்கவைப்பது எந்த வகையில் நியாயம் என்று புரியவில்லை. எங்கள் பகுதியில் ஆட்டுக்கும் நாய்க்கும் எலும்பு விலகினால் நாட்டுக்கட்டுப் போட்டு ஒரு மண்டலம் அசையாமல் வைப்பார்கள். பல உயிர்கள் அப்படியே தேறி நடந்திருக்கின்றன. அறுவைக்குப் போவதற்கு முன் ஒருமுறை அந்த வழியையும் பார்க்கலாம். அறுவைதான் முடிவு என்றாலும், குறைந்தது ஒரு மாதமாவது கூண்டில் அடைத்து வைப்பதே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

உச்சிப்புளி நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு அறுவையைப் பொறுத்தவரை அவர் சொல்வதற்கு நேர் எதிரானதே சரி. எலும்பு முறிந்து தகடு வைத்திருந்தால் ஓய்வு தேவை. ஏனெனில் அங்கே இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேரவேண்டும். இங்கே எதுவும் எதனோடும் சேரவேண்டியதில்லை; சேராமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே தலையை எடுக்கிறோம். வெட்டிய இடத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நார்த்திசு வளர்ந்து, சுற்றியுள்ள பிட்டத் தசைகள் தொடை எலும்பைத் தூளிபோல் தாங்கிக்கொள்ளும். பொய் மூட்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த நார்த்திசு உருவாகும் வாரங்களில் கால் அசைந்துகொண்டிருந்தால் அது நெகிழ்வாக வளரும். அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். இறுகிய பிறகு காலைப் பின்னால் நீட்ட முடியாது. பின்னால் நீட்ட முடியாத கால் நடைக்குப் பயன்படாது. சிட்டு ஏற்கெனவே ஒரு மாதமாகக் காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதால் தசை நிச்சயம் கரைந்திருக்கும். இன்னொரு மாதக் கூண்டுவாசத்தை அந்தத் தசை தாங்காது.

நாட்டுக்கட்டைப் பற்றியும் ஒரு சொல். இடுப்பு மூட்டு விலகும்போது தொடை எலும்பின் தலை பெரும்பாலும் முன்னோக்கி மேலே ஏறிவிடும். அதை இறக்கிக் கிண்ணத்தில் பொருத்துவதற்குத் தசைகள் முழுவதும் தளரவேண்டும். மயக்க மருந்து இல்லாமல் அது நடவாது. முதல் சில நாட்களுக்குள் மயக்கத்தில் வைத்துச் சரியாகப் பொருத்தினாலும், ஏறத்தாழ பாதி நாய்களுக்கு மறுபடி நழுவிவிடுகிறது. ஒரு மாதம் கழித்து மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால் பாதம் வீங்கித் தோல் அழுகுவது ஒன்றே மிச்சமாகும். அப்படி வந்த கால்களை முழுவதுமாக வெட்டி எடுக்க நேர்ந்திருக்கிறது.

அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. மீதி 40 விழுக்காடு இரண்டு பின்னங்கால்களுக்கும் பகிர்கிறது. ஏழு கிலோ நாயின் ஒரு பின்னங்காலுக்கு வருவது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தசையே சுமந்துவிடும். 40 கிலோ நாயாக இருந்தால் நானும் தயங்கியிருப்பேன். செயற்கை மூட்டு பொருத்துவது சிறிய நாய்களுக்கும் உண்டு; ஆனால் அதற்குரிய கருவியும் கைப்பழக்கமும் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை; செலவும் மிக அதிகம். இந்த அறுவையில் உள்ளே வைக்கும் உலோகம் எதுவும் இல்லாததால் செலவு குறைவு. பின்னாளில் எதுவும் நழுவவோ உடையவோ வழியில்லை. இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எக்ஸ்ரே படத்தோடு போகலாம். ஆனால் அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடற்கரை ஊர்களில் உண்ணி இல்லாத நாயைக் காண்பது அரிது. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உடம்பில் இருந்துகொண்டே தட்டணுக்களைக் குறைத்திருக்கலாம். அந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் உறையாது. வண்டியில் அடிபட்ட நாய் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் மூன்று நாட்கள் பனிக்கட்டி ஒத்தடம். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. உங்கள் ஊரில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் வாடியில் உடைத்துப் போடுகிற பனிக்கட்டி புண்ணில் படக்கூடாது. பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, மெல்லிய துண்டில் சுற்றி, தையலின் மேல் அழுத்தாமல் வையுங்கள். வீக்கம் வடிந்த பிறகு, உடற்பயிற்சிக்கு முன் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம்.

வலி மருந்தை மருத்துவர் எத்தனை நாளைக்கு எழுதுகிறாரோ அத்தனை நாளும் கொடுங்கள். நாய் நொண்டாமல் இருக்கிறது என்று பார்த்து நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். வலியில்லை என்று நாய் நம்பினால்தான் காலை ஊன்றும், ஊன்றினால்தான் தசை வளரும். மெலாக்சிகாம், கார்ப்ரோபென் போன்றவற்றை உணவுக்குப் பிறகே தரவேண்டும். வாந்தி, தார்போல் கறுத்த மலம், உணவு மறுப்பு, இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். வீட்டில் இருக்கிற மனிதர் மருந்துகளான ஐபுபுரூபன், டைக்ளோபினாக், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பாறு கழுகுகள் பெருமளவு அழிந்ததால், 2006-இல் கால்நடை மருத்துவத்தில் டைக்ளோபினாக் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். நாய்க்கு அது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். இன்றும் யாராவது ஒருவர் கால் மாத்திரை உடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

கால் பயிற்சியை அறுவை மருத்துவர் அனுமதித்ததும் தொடங்குங்கள். பொதுவாக இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் அனுமதிப்பார்கள். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் சென்றபின், நல்ல கால் கீழே இருக்கும்படி சிட்டுவைப் படுக்கவைத்து, ஒரு கையால் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையை ஏந்திக்கொண்டு, மற்றொரு கையை இடுப்பின் மேல் வைத்து, காலை மெல்லப் பின்னால் நீட்டிச் சில நொடிகள் நிறுத்துங்கள். பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. நாய் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு விரற்கடையும் தள்ளாதீர்கள். பின்னால் நீட்டுவதே முக்கியம்; முன்னால் மடக்குவது அதற்குத் தானாகவே வரும்.

நடையில் கவனிக்கவேண்டியது வேகம். வேகமாக நடந்தால் எந்தச் சிறிய நாயும் மூன்று காலில் துள்ளிப் போய்விடும். ஆமை வேகத்தில் நடத்தினால் நான்காவது காலைத் தரையில் வைத்தே ஆகவேண்டும். ஆகவே கழுத்தில் கட்டாமல் மார்புப்பட்டையில் கயிற்றைக் கட்டி, ஐந்து நிமிடம் வீதம் நாளைக்கு நான்கைந்து முறை நடத்துங்கள். முதல் வாரம் வயிற்றின் அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். தூக்குவதற்காக அல்ல, விழாமல் இருப்பதற்காக. ஓட்டமும், கட்டிலில் தாவுவதும், படியில் குதிப்பதும் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. பார்க்க ஆளில்லாத நேரத்தில் மட்டும் சிறிய அறையிலோ கூண்டிலோ விடலாம். அந்த அளவில் உச்சிப்புளி நண்பர் சொன்னதும் பொருந்தும்.

ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் நுனிவிரல் தரையைத் தொடவேண்டும். மூன்றாம் வாரத்தில் கொஞ்சம் எடை ஊன்றவேண்டும். நான்கு வாரமாகியும் காலைத் தூக்கியே வைத்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில நாய்களுக்கு ஆறு மாதமும் ஆவதுண்டு.

தங்கச்சிமடம் வலைக்காரன் எழுதியது:

மருத்துவர் ஐயா விளக்கமாக எழுதிவிட்டார். கடலையும் மணலையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், தங்கச்சி. படிக்குக் கீழே இருக்கிற புதைமணலில் முதல் மாதம் நடத்தவேண்டாம். அதில் ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கவேண்டியிருப்பதால் மெலிந்த கால் உடனே சோர்ந்துவிடும், நாயும் மூன்று காலுக்கு மாறிவிடும். அலை வந்து போகும் ஓரத்தில் மணல் இறுகியிருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு நடத்துங்கள். காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. நீங்கள் வெறுங்காலோடு நிற்க முடியாத மணலில் நாயும் நிற்காது.

கடலில் இறக்குவதாக இருந்தால் காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் அது அப்படியே தலைகீழாகும். நம் வடகடல் ஓரம் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போவதால், நாயின் முதுகு நனையாத அளவுக்குத் தண்ணீரில் நிறுத்தி நடத்த அது தோதான இடம். ஆனால் படகுகள் கட்டும் பக்கம் போகாதீர்கள். அறுந்த தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் சிப்பி ஓடும் அங்கேதான் அதிகம். சொறி (ஜெல்லி மீன்) கரை ஒதுங்கியிருக்கும் நாளில் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கரையில் கிடந்தால் நாயை எட்ட நிறுத்துங்கள்; அது நஞ்சு, காய்ந்து கிடந்தாலும் நஞ்சுதான். ஒருபோதும் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டாம். காக்கையைக் கண்டால் எந்த நாய்க்கும் மருத்துவர் சொன்னது நினைவிருக்காது.

மண்டபம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஒன்றரைக் கிலோ கணக்கைக் கேட்ட பிறகு அறுவைக்குச் சம்மதித்துவிட்டார். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. கடலில் எப்போதிலிருந்து இறக்கலாம்? உப்பு நீர் புண்ணை ஆற்றும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தையலின் மேல் மஞ்சள் பூசலாமா? நரம்பு வலிக்கென்று கேபாபென்டினும் தரவேண்டியிருக்கும் என்றும், சிறிய அளவாக இருப்பதால் மனிதர்களுக்கான திரவ மருந்தாகவும் வாங்கலாம் என்றும் மருந்துக்கடையில் சொன்னார்கள், அது சரியா?

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நாய்க்கு அது இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும். ஆகவே திரவம் வேண்டாம். உங்கள் மருத்துவர் கேபாபென்டின் எழுதினால், சிட்டுவின் எடைக்கேற்ற அளவில் மாத்திரையாகவோ கேப்சூலாகவோ அவர் குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள். முதல் ஓரிரு நாள் அது தள்ளாட்டத்தையும் தூக்கத்தையும் தரும். படிப்பக்கம் தனியாக விடாதீர்கள்.

தையல் பிரிப்பது பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். அதுவரை தண்ணீரே படக்கூடாது, கடல்நீர் உட்பட. தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, தோல் முழுவதும் மூடிய பிறகு, அறுவை மருத்துவர் பார்த்துச் சரி என்றதும் இறக்கலாம். இடுப்பளவு நீரில் நிற்கிற நாயின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மட்டுமே தாங்குகின்றன என்பதால், நீந்துவதைவிட நீரில் நடப்பது இந்த நிலையில் பயன் மிகுந்தது. நீந்தும்போது பல நாய்கள் முன்னங்காலை மட்டுமே அடித்துக்கொண்டு போய்விடும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடமே போதும். கடல்நீரைக் குடிக்கவிடாதீர்கள், வாந்தியும் பேதியும் வரும். கையோடு நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுத்துவிடுங்கள். திரும்பியதும் நல்ல நீரில் கழுவி, அடிமுடி வரை துவட்டுங்கள். பொமரேனியன் முடிக்குள் ஈரம் நின்றால் தோல் புண்ணாகிவிடும்.

மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் தையலின் மேல் வேண்டாம். மஞ்சள் பூசினால் சிவப்பும் சீழும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பதே என் முதல் ஆட்சேபம். நம் பக்கம் உண்மையான தொல்லை ஈ. கருவாடு காயும் இடத்துக்கு அருகில் வீடு என்றால் முதல் இரண்டு வாரமும் சிட்டுவைக் கொசுவலைக்குள் படுக்கவைப்பதே மேல். நக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். பாவம் என்று இரவில் கழற்றிவிடாதீர்கள். காலையும் மாலையும் தையலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துர்நாற்றம், ஈரக்கசிவு, தையலின் ஓரத்தில் ஊசி முனை அளவில் ஏதாவது நெளிவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடவேண்டும். இந்த வெக்கையில் ஓர் இரவுக்குள் புழு ஆழமாக இறங்கிவிடும். மழித்த இடத்தில் முடி வளரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் அந்தத் தோலை நண்பகல் வெயிலில் காட்டவேண்டாம்.

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லை. நடமாட்டம் குறைந்திருக்கும் வாரங்களில் சோற்றைக் கால் பங்காவது குறைத்து, முள் நீக்கிய மீனையோ எலும்பில்லாத கோழியையோ உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுங்கள், கருவாடு கூடாது. ஏழு கிலோவுக்கு மேல் போகாமல் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். வாடியில் மீன் நிறுக்கும் தராசே போதும், கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.